நாலாவது யாருடையது

ரஸ்க் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குத் தெருவில் இரண்டு காரணம் சொல்வார்கள். மிஞ்சிப்போன ரொட்டியைத் துண்டு போட்டு, மறுபடியும் அடுப்பில் வாட்டி ரஸ்க் ஆக்குவது அவள் வேலை என்பது ஒன்று. அவளும் அப்படித்தான், நொறுங்கினாலும் நொறுங்குவாளே தவிர இளக மாட்டாள் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் கடையைத் தாண்டிப் போய்த்தான் சொல்வார்கள்.

கடை அவள் தம்பியுடையது. முன்னால் கண்ணாடிப் பெட்டி வைத்த விற்பனை அறை, அதற்குப் பின்னால் மாவு பிசைகிற அறை, அதற்கும் பின்னால் ஒரு சுவர் முழுக்க வாயைத் திறந்துகொண்டு நிற்கும் செங்கல் அடுப்பு. குடும்பம் மாடியில். புருஷன் போன பிறகு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு பெட்டியோடு வந்தவள் ரஸ்க் அக்கா. வந்த மறுநாளே கத்தியைக் கையில் எடுத்து ரொட்டி அறுக்க உட்கார்ந்தாள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தம்பி பிள்ளைகள் இரண்டும் அவள் மடியில்தான் வளர்ந்தன. பெரியவள் பள்ளிப்படிப்பை முடிக்கப்போகிறாள். சின்னவனுக்குப் பத்து வயது. இரண்டு பேருக்கும் அம்மாவிடம் கிடைக்காதது எல்லாம் அத்தையிடம் கிடைக்கும்.

தம்பி பெண்டாட்டியைத் தெருவே மில்லுக்காரி என்றுதான் சொல்லும். மாவு மில்காரர் மகள். பிறந்த வீட்டில் மாவைத் தலையில் கொட்டிக்கொண்டு திரிந்தவள், கட்டிக்கொண்டு வந்த வீட்டில் அதே மாவில் முழங்கை வரை கையை விட்டாள். நேற்றைய மாவில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து, அது புளித்துப் பொங்கியதும் இன்றைய மாவோடு சேர்த்துப் பிசைவது அந்தக் கடை வழக்கம். அந்தப் புளித்த உருண்டையை எடுத்துத் தொட்டியில் போடும்போதுதான் அன்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னடி?" என்றாள் ரஸ்க் அக்கா.

"ஒண்ணுமில்ல அண்ணி. வாடை."

"என்ன வாடை?"

"புளிச்ச வாடைதான். வேற என்ன."

வெளியே விடாத தூறல். ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. குளிருக்கு மாவு சோம்பேறித்தனமாகத்தான் எழும்பும் என்று தம்பி காலையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ரஸ்க் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு மில்லுக்காரியை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இந்த வாடையிலேயே சாப்பிட்டு, இந்த வாடையிலேயே தூங்கியவளுக்கு இன்றைக்கு மட்டும் அது வாடையாகத் தெரிகிறதென்றால் விஷயம் வேறு. ரஸ்க் அக்காவுக்குச் சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வருமென்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஒரு டம்ளர் பாலைச் சூடாக்கி, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடி. சொல்லவே இல்ல பாத்தியா. அழுத்தக்காரி."

மில்லுக்காரி பாலை வாங்கிப் பலகை மேல் வைத்தாள். கையில் ஒட்டிய மாவைச் சுரண்டி எடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டேன் அண்ணி. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"செக்கப்புக்கா?"

"கலைக்க."

உப்பு போட்டாச்சு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் தொட்டிக்குள் கையை விட்டாள். பாலில் ஆடை படிந்தது.

தம்பிக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் இரண்டு நாளாக வாயைத் திறக்காமல், கோபத்தையெல்லாம் விறகு மேல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறான். மத்தியானம் ரொட்டி எல்லாம் வெளியே வந்து, தட்டுகளில் ஆறிக்கொண்டிருக்கும் நேரம் அந்த வீட்டில் கொஞ்சம் ஓய்வு. மூன்று பேரும் மாவுப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துத் தின்பார்கள். அன்றைக்கு யாரும் நனைக்கவில்லை.

"எதுக்குடி வேண்டாம்?" என்று ரஸ்க் அக்காதான் ஆரம்பித்தாள். "ஒடம்புக்கு ஏதாவது சொன்னாங்களா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்காம்."

"அப்புறம் என்ன? சோத்துக்கு வழியில்லையா நமக்கு?"

"அதெல்லாம் இல்ல அண்ணி." மில்லுக்காரி கொஞ்சம் யோசித்தாள். "சின்னவன் இப்பதான் தானா குளிச்சு, தானா தலை சீவிக்கிறான். முதல் அடுப்பு ரொட்டி உள்ள போனதுக்கப்புறம் எனக்குன்னு கொஞ்ச நேரம் கெடைக்குது. மாடிப்படில போய் உக்காந்துக்கிறேன். அங்க நான் என்ன பண்றேன்னு யாராவது கேட்டீங்களா? ஒண்ணும் பண்றதில்ல. சும்மா உக்காந்திருக்கேன். இத்தன வருஷத்துல முதல் தடவையா சும்மா உக்காந்திருக்கேன். அத நான் விட மாட்டேன்."

"சும்மா உக்கார்றதுக்காக ஒரு உயிரையா?" தம்பி பலகையில் தட்டினான். மாவுத் தூசி எழும்பியது. "கேக்கறவங்க காறித் துப்புவாங்க."

"துப்பட்டும். கேட்டீங்க, உண்மையச் சொன்னேன். வேற பெரிய காரணமா சோடிச்சுச் சொன்னா சரின்னுடுவீங்களா?"

"உயிர்னா உயிர்தான். அதுல சின்னது பெரிசு கெடையாது."

மில்லுக்காரி பக்கத்திலிருந்த கிண்ணத்தின் மேல் போட்டிருந்த துணியை விலக்கினாள். நாளைக்கென்று எடுத்து வைத்த மாவு உருண்டை உள்ளே நுரைத்து, மெல்ல மூச்சு விடுவது போல் ஏறிக்கொண்டிருந்தது.

"இதுலயும் உயிர் இருக்குன்னு நீங்கதானே பெரியவளுக்குச் சொன்னீங்க? பள்ளிக்கூடத்துல கேட்டாங்கன்னு வந்து நின்னப்போ, கண்ணுக்குத் தெரியாத உயிர் கோடிக்கணக்கா இருக்கு, அதுதான் பொங்குதுன்னு. அதத்தானே தெனமும் அடுப்புல தள்றீங்க."

"மாவும் புள்ளையும் ஒண்ணா? பைத்தியமா உனக்கு?"

"ஒண்ணு இல்ல. நானும் ஒண்ணுன்னு சொல்லல. ஆனா உயிர் இருக்குங்கிறது மட்டும் போதாதுன்னு ஆயிடுச்சுல்ல? வேற என்னமோ வேணும். அது என்னன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

தம்பி கன்னத்தில் கரியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அதுக்காகக் காத்துக்கிட்டிருக்க ஒரு ஆள் வேணும்," என்றாள் ரஸ்க் அக்கா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஆள் இருக்கேன். பெத்து என் கையில குடு. பால் குடுக்கறதோட உன் வேல முடிஞ்சுது. ராத்திரி முழிக்கிறது, மூத்திரத் துணி அலசறது எல்லாம் நான். நீ படில உக்காந்துக்கோ. உன்ன யாரும் கூப்பிட மாட்டாங்க."

மில்லுக்காரி அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. அதுதான் ரஸ்க் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீங்க காத்துக்கிட்டிருக்கறதுக்காக நான் சுமக்கணுமா அண்ணி? அது இருக்கறது என்கிட்ட. பொறந்ததுக்கப்புறம் உங்ககிட்ட குடுத்துட்டு, அம்மான்னு அது என்னப் பாத்தா, நான் படில உக்காந்துருவேனா? என்னால உக்கார முடியாது. என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

"அப்ப கொன்னுட்டா உக்கார முடியுமா?" என்றான் தம்பி.

சொன்ன வேகத்திலேயே அவனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். மில்லுக்காரி எழுந்துவிட்டாள். ஆனால் போகவில்லை.

"சரி. கொல்றதுன்னே வச்சுக்குவோம். சின்னவனுக்கு முன்னாடி ஒண்ணு தங்காமப் போச்சே, அப்ப செத்தது யாரு? இந்த வீட்டுல சாவு விழுந்தா அடுப்ப அணைக்கணும்னு உங்கப்பா காலத்து வழக்கம். அவருக்கு அணைச்சோம், உங்கம்மாவுக்கு அணைச்சோம். அன்னைக்கு ஏன் அணைக்கல? அன்னைக்குச் சாயங்காலமே நான் மாவு பிசைஞ்சேன். நீங்க ரொட்டி சுட்டீங்க. நல்லா வித்துச்சு."

அடுப்புக்குள் ஒரு விறகு சரிந்து விழுந்தது. தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள் மில்லுக்காரி.

அந்த அடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை அணைப்பது லேசான காரியமில்லை. வேலை முடிந்ததும் கனலைச் சாம்பலால் மூடி வைத்து, விடியும் முன் கிளறி விறகு போட்டால் பிடித்துக்கொள்ளும். முழுக்க ஆறவிட்டால், மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் செங்கல் வெடிக்கும். அதனால் சாவைத் தவிர வேறெதற்கும் அந்தப் புகைபோக்கி ஓய்ந்ததில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள்கூட எழுந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்குவார்கள்.

தம்பி யோசித்தான். அவன் யோசித்தால் இப்படித்தான் ஆகும். மறுநாள் விடியும்போது ரஸ்க் அக்கா இறங்கி வந்து பார்த்தால், அடுப்பின் வாயில் சாம்பல் வழித்துச் சுத்தமாகக் கிடக்கிறது. கனலையெல்லாம் வெளியே வாரிக் கொட்டித் தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கிறான். அடுப்புக்கு எதிரே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறான், குளித்து, வெள்ளை வேட்டி கட்டி.

"என்னடா இது?"

"அன்னைக்கு அணைச்சிருக்கணும்க்கா. அவ கேட்டது நியாயம்தான். அதான் இன்னைக்கு அணைச்சுட்டேன்."

"இத்தன வருஷம் கழிச்சா?"

"அப்பத் தோணலையே."

அவனைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. முடிவு பண்ணுவதற்குள் முன்வாசலில் ஆள் வந்துவிட்டது.

முதலில் சலவைக்கடைக்காரர். புகைபோக்கியைப் பார்த்திருக்கிறார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் மருந்துக்கடை அம்மா. அப்புறம் இன்னும் இரண்டு மூன்று பேர். யாரும் ரொட்டி என்ற பேச்சை எடுக்கவில்லை. எல்லார் கண்ணும் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராகத் தேடியது. சின்னவன் புத்தகப் பையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவனைக் கண்டு நாலு பேர் நிம்மதியாக மூச்சு விட்டது நன்றாகவே கேட்டது. பெரியவள் வந்தாள், ஒரு மூச்சு. தம்பி தலையை நீட்டிப் பார்த்தான், இன்னொரு மூச்சு. மிச்சம் இருப்பது மில்லுக்காரிதான். மருந்துக்கடை அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"யாரும்மா தவறினது?" என்றார் சலவைக்கடைக்காரர்.

செங்கல் மாற்றுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ரஸ்க் அக்காவின் வாயில் அதுதான் தயாராக இருந்தது. ஆனால் கேட்டாரே, யார் தவறியது என்று. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில், அவளுக்கு ஒன்றன் பின் ஒன்றாகக் கரு தங்காமல் போனபோது ஒருத்தரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"நாலு பேரு," என்றாள்.

"ஐயய்யோ! நாலு பேரா? வண்டி கிண்டி மோதியா?"

"இல்லண்ணே. பொறக்கறதுக்கு முன்னாடியே. எனக்கு மூணு, இவனுக்கு ஒண்ணு. பழைய சாவு. இன்னைக்குத்தான் அடுப்ப அணைக்கறோம்."

சலவைக்கடைக்காரருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். அது மரியாதையில்லை என்று பட்டிருக்க வேண்டும், மறுபடி கழற்றினார். கடைசியில் மெதுவாக, "அப்ப ரொட்டி?" என்றார்.

"நாளன்னிக்கு."

மருந்துக்கடை அம்மா மட்டும் எல்லாரும் போன பிறகும் நின்றாள். ரஸ்க் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

திரும்பினால் பிசைகிற அறை வாசலில் மில்லுக்காரி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, புருஷனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னைக்குச் செய்யவேண்டியத இன்னைக்குச் செஞ்சா, அது அந்தப் புள்ளைக்கா, எனக்கா?"

"உன்ன குத்திக்காட்டறதுக்கு இல்ல. சத்தியமா இல்ல."

"தெரியும். குத்திக்காட்டற அளவுக்கு உங்களுக்கு சாமர்த்தியம் இருந்தா நான் சண்ட போட்டிருப்பேன். போய் விறகு பொளங்க. சூடேத்த ரெண்டு நாள் ஆகும்."

அவன் போனான். கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து கோடாலிச் சத்தம் கேட்டது. மில்லுக்காரி காலியான மாவுப் பலகையின் மேல் ஏறி உட்கார்ந்தாள். பலகை மேல் உட்காரக் கூடாது என்று அவளைத் திட்டித் திட்டியே ரஸ்க் அக்காவுக்குப் பாதி ஆயுள் போயிருக்கிறது. இன்றைக்குத் திட்டவில்லை.

"அண்ணி, என்னோடத எதுக்குக் கணக்குல சேத்தீங்க?"

"என்னடி?"

"மூணு உங்களோடது. நீங்க சொல்லுங்க, ஊரக் கூட்டிச் சொல்லுங்க, நானும் வந்து பக்கத்துல நிக்கறேன். நாலாவது என்னோடது. அத நான் எண்ணல. நீங்க எண்ணக் கூடாது."

ரஸ்க் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வருஷக்கணக்காக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்தது.

"நீ எண்ணாததுக்கு நான்தாண்டி காரணம். வெறும் ரத்தம்டி, எழுந்து குளிச்சுட்டு வா, மாவு காத்துக்கிட்டிருக்குன்னு நான்தானே சொன்னேன். என் மாமியா எனக்குச் சொன்னது அது. மூணு தடவையும் அதேதான் சொன்னா. நான் ஒரு தடவகூட நம்பல. நம்பாதத எடுத்து உனக்குச் சொன்னேன். வேற எதுவும் எனக்குச் சொல்லத் தெரியல. நீ அத நம்பிட்டு இப்ப இந்த முடிவுக்கு வந்து நிக்கற."

மில்லுக்காரி கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் முன்னால் ஆறிப்போன அடுப்பு. அதன் வயிறு இவ்வளவு பெரியது என்று நெருப்பு இருக்கும்போது தெரிவதில்லை.

"அதையா இத்தன நாளா சுமந்துக்கிட்டிருந்தீங்க? நீங்க சொன்னதுனால இல்ல அண்ணி. நீங்க சொன்னப்போ எனக்குக் கோவம்தான் வந்துச்சு. குளிக்கப் போனேன், அழுதேன். துக்கமா இருந்துச்சு. ஆனா யாரும் செத்த மாதிரி இல்ல. வர்றேன்னு சொன்ன ஆளு வராமப் போன மாதிரி இருந்துச்சு. ரெண்டும் வேற. எங்கப்பா செத்தப்ப எனக்கு அந்த வித்தியாசம் தெரிஞ்சுது."

"எனக்கு அப்படி இல்லடி."

"தெரியுது."

"மூணாவது உதைச்சுது. என் கைய வச்சா அந்தப் பக்கம் வரும். அது ஆளு. யாரு என்ன சொன்னாலும் அது ஆளு."

"ஆளுதான் அண்ணி. நான் இல்லேன்னு சொல்லல."

"அப்ப இது?"

மில்லுக்காரி தன் வயிற்றைப் பார்த்தாள். ஏப்ரன் மேல் மாவுக் கறை காய்ந்திருந்தது.

"இது இன்னும் ஆகல. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் ஆகல. ஆகறதுக்கு முன்னாடி நான் போகணும். எனக்கு ஒண்ணுமே இல்லேன்னு நெனைக்காதீங்க. அந்தப் புளிச்ச மாவ எடுக்கும்போதெல்லாம் வயிறு கலங்குது, அது வாடையினால மட்டும் இல்ல. ஆனா வேணுமான்னு கேட்டா, வேண்டாம். எத்தன தடவ கேட்டுப் பாத்தாலும் அதேதான் வருது."

கோடாலிச் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. தூறல் விட்டிருந்தது. ரஸ்க் அக்காவுக்குள் ஆத்திரம், ஆசை, பாவம் என்கிற நினைப்பு எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. இவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. இவளை விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்றும் இருந்தது. பெண்ணாகப் பிறந்தால் என்ன கூப்பிடுவது என்பது வரைக்கும் ஒரே ஒரு நாளில் அவள் போய்விட்டிருந்தாள். அதை இவளிடம் சொல்லவும் முடியாது.

"வெள்ளிக்கிழமை யாரு கூட வர்றது?" என்றாள் கடைசியில்.

"அவரு வர்றேன்னாரு. அடுப்பப் பாருங்கன்னு சொல்லிட்டேன். அவரு வந்தா டாக்டர்கிட்ட விளக்கம் கேப்பாரு."

"நான் வர்றேன்."

"அண்ணி..."

"குறுக்க பேசாத. நான் வர்றேன். உன்னத் தடுக்க மாட்டேன், ஒரு வார்த்தகூடச் சொல்ல மாட்டேன். ஆனா நான் அழுவேன். எனக்கு அது புள்ள. நீ அழாதேன்னு சொல்லக் கூடாது. வெறும் அதுதானே இதுதானேன்னு எதுவும் சொல்லக் கூடாது. நீ பண்றத நீ பண்ணு. நான் அழறத நான் அழறேன்."

"வெளிய போய் ஒளிஞ்சு நின்னு அழாதீங்க," என்றாள் மில்லுக்காரி. "பக்கத்துலயே இருந்து அழுங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரியில் வெளிர்பச்சைச் சுவர், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. நர்ஸ் வந்து இவர் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டபோது, "என் நாத்தனார்," என்றாள் மில்லுக்காரி. நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு இந்தக் காரியத்துக்கு வந்தவளை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

கதவு சாத்தினார்கள். ரஸ்க் அக்கா சொன்னபடி அழுதாள். சத்தமில்லாத அழுகைதான், ஆனால் மறைக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று தடவை சேர்த்து வைத்ததும் அதோடு வந்தது. ஏதோ ஒரு கட்டத்தில் எது எதற்கான அழுகை என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கதவு திறந்தது. கொஞ்ச நேரம் உள்ளேயே படுக்க வைத்து அனுப்பியிருக்கிறார்கள். மில்லுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது, வேறு மாற்றமில்லை. வீட்டுக்குப் போகலாம், வண்டி பிடியுங்கள் என்றாள் நர்ஸ்.

மில்லுக்காரி பக்கத்து நாற்காலியில் ஜாக்கிரதையாக உட்கார்ந்தாள். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா அண்ணி?"

ரஸ்க் அக்கா தலையாட்டினாள். இல்லை என்று.

"சரி," என்றாள் மில்லுக்காரி. காலை நீட்டி, தலையைப் பின்னால் சுவரில் சாய்த்துக்கொண்டாள். "மெதுவா அழுங்க. இருந்துட்டே போலாம்."